முறைக்கு ஒரு புருஷன்

பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துக்கென்று சிரிப்புத் தொடர் எடுத்த முதல் ஆள் விஜயராணி. இரண்டாவது ஆள் இன்றுவரை கிடையாது. நிஜாமுதீன் பாயின் லோக்கல் கேபிளில், கண்ணீர் அஞ்சலிக்கும் மஞ்சள் நீராட்டு வாழ்த்துக்கும் நடுவே, ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு இருபது நிமிஷம் ஓடும் 'எதிர் வூடு'. கதை, வசனம், டைரக்‌ஷன், தயாரிப்பு எல்லாம் அவள்தான். ஷூட்டிங்கன்று தக்காளி சோறு கிளறுவதும் அவள்தான். ஒன்பது வருஷத்தில் நானூறு வாரத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஆறு மணிக்கு பாகூரில் யாராவது செத்தால்கூட ஆறு இருபதுக்குத்தான் அழ ஆரம்பிப்பார்கள் என்று பாய் சொல்வார். பாய் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவர், ஆனால் ரொம்ப இல்லை.

இந்தத் தொடருக்காகக் கட்டின புருஷனையே விட்டுவிட்டு வந்தவள் அவள். புகழ்வேந்தன் குடிக்கவில்லை, அடிக்கவில்லை. திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு சோப்பு கம்பெனியில், நசுங்கின பெட்டியாகப் பார்த்துப் பார்த்து ஓரம் தள்ளுகிற வேலை அவனுக்கு. முதல் வாரத் தொடரை பென் டிரைவில் கொண்டுபோய், அவர்கள் குடியிருந்த காட்டேரிக்குப்பத்து வீட்டு டிவியில் போட்டுக் காட்டினாள். இருபது நிமிஷமும் அவன் முகத்தில் ஒரு அசைவு இல்லை. முடிந்ததும், "ஃபேன் சத்தம் கேக்குது" என்றான். ஆறு வருஷக் குடித்தனத்தில் அவள் சொன்ன எதற்கும் அவன் ஒருநாளும் சிரித்ததில்லை. அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாகூரில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். பஞ்சாயத்து பேச வந்த பெரியவர்கள் அவனிடம் என்ன குறை என்று கேட்டார்கள். "சிரிக்க மாட்டேங்கறாரு" என்றாள். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

இப்படி வயிற்றெரிச்சலில் வளர்த்த தொடருக்குத்தான் போன ஐப்பசியில் கண்டம் வந்தது. வந்தது ஒரு காதுகுத்தில்.

தொடரில் பொண்டாட்டியாக நடித்த இளவரசி அங்கன்வாடி டீச்சர். புருஷனாக நடித்த ஜெயசீலன் டைல்ஸ் போடுகிறவன். இளவரசிக்குக் கூடப்பிறந்த ஆண் கிடையாது. மகளுக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டுமே. கூட நடிக்கிற பழக்கத்தில் ஜெயசீலனை உட்காரவைத்தார்கள். அவனும் சீர்த்தட்டோடு வந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டான். அடுத்த ஞாயிறு தொடரில் இளவரசியைப் பார்த்து, "ஏன்டி, காபி எங்கடி?" என்றான். ஆறு மணி மூன்று நிமிஷத்துக்கு பாய் ஆபீஸ் போன் அடிக்க ஆரம்பித்து, எட்டு மணி வரை ஓயவில்லை.

"இன்னா பாய் இது அநியாயம்? தாய்மாமனா குந்திக்கினவன் புருஷனா? வூட்ல பொம்பளப் புள்ளைங்க பாக்குது!"

மறுநாளே இளவரசி நின்றுகொண்டாள். கூடப்பிறந்தவனை இனி அவளால் 'ஏங்க' என்று கூப்பிட முடியாதாம். தங்கச்சி நின்ற இடத்தில் வேறொருத்தியா என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு ஜெயசீலனும் போய்விட்டான்.

பாய் ஆறு வாரம் கெடு கொடுத்தார். அதற்குள் ஒரு ஜோடி வராவிட்டால் அந்த நேரத்துக்கும் கண்ணீர் அஞ்சலியையே ஓட்டிவிடுவதாகச் சொன்னார். விஜயராணி அன்றைக்கே ஆள் தேடக் கிளம்பினாள். கட்டின வாழ்க்கையை விட்டு இதைப் பிடித்தவள். இதுவும் போனால் அவள் கையில் மிச்சம் ஒன்றும் இல்லை.

நடிக்க ஆசைப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஊர் இப்போது உஷாராகிவிட்டது. ஒவ்வொரு ஜோடியின் பெயரையும், 'ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கவும்' என்று பாய் டிவியில் அடியில் ஓடவிட்டார். ஆட்சேபணை கொட்டியது. இவன் அவளுக்குச் சித்தப்பா முறை. இவள் அவனுடைய பங்காளி வீட்டுப் பெண். ஒரே ஒரு ஜோடிக்கு முறை சரியாக வந்தது. உடனே இரண்டு வீட்டாரும் தட்டு மாற்றி நிஜக் கல்யாணத்துக்கே நாள் குறித்துவிட்டார்கள். நாள் குறித்த பெண்ணை நடிக்க அனுப்பமாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் பொண்டாட்டியாகத் தானே நடிப்பது என்று விஜயராணி முடிவெடுத்தாள். புருஷனுக்கு எங்கே போவது? ஒன்பது வருஷமாக, "தம்பி, லைட்ட திருப்பு", "அண்ணே, அந்தாண்ட போ" என்று ஊர் ஆண்கள் அத்தனை பேரையும் அவளே கூடப்பிறந்தவர்களாக்கி வைத்திருந்தாள்.

பாய்தான் வழி சொன்னார். "நீ அண்ணன் தம்பின்னு கூப்புடாத ஆம்பள ஒருத்தன்தாம்மா கீறான்."

"அந்தாளு பேர எடுக்காத பாய்."

"நான் எங்கம்மா எடுத்தேன்? முறை எடுக்குது."

பாய் ஒரு போன் போட்டதும், எதற்கு, என்ன சம்பளம் என்றுகூடக் கேட்காமல் புகழ்வேந்தன் டிபன் பாக்ஸோடு வண்டியில் வந்து இறங்கினான். அவனுக்கு நடிக்கத் தெரியவில்லை. அவள் எழுதின வசனத்தை, சோப்புப் பெட்டியில் ஒட்டின விலைச்சீட்டைப் படிப்பதுபோல் படித்தான். பாகூர் உருண்டு புரண்டு சிரித்தது. பஸ் ஸ்டாப்பில் காலேஜ் பையன்கள் அவனைப்போல் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். விஜயராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூளையைக் கசக்கி எழுதுகிறவள் அவள், பேர் மட்டும் சிரிக்கத் தெரியாதவனுக்கு.

பொங்கலுக்குத் தன் ஆபீஸிலிருந்தே நேரலை என்று பாய் அறிவித்தார். காட்சி ரொம்பச் சின்னது. பொண்டாட்டி கோபித்துக்கொண்டு பெட்டி கட்டுகிறாள், புருஷன் "சோத்த வடிச்சிட்டுப் போ" என்கிறான். ஆனால் புடவையை மடித்துப் பெட்டியில் வைக்கும்போது விஜயராணிக்கு என்னவோ ஆகிவிட்டது. வசனம் மறக்கவில்லை. வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

"ஏன்யா, நான் சொன்னதுக்கு ஒருநாளாவது சிரிச்சியா நீ?"

கேமராவுக்குப் பின்னால் பாய் அவசரமாகப் பேப்பரைப் புரட்டினார். அப்படி ஒரு வரி அதில் இல்லை.

புகழ்வேந்தன் யோசித்தான். நேரலையில் ஒரு மனுஷன் அவ்வளவு நேரம் யோசிக்கக் கூடாது.

"எனக்கு ஜோக்கு புரியாது ராணி. சின்ன வயசுலேர்ந்தே அப்பிடித்தான். எங்க ஊர்ல பாய் கேபிள் வராது. ஞாயித்துக்கெழம ஆச்சின்னா வண்டிய எடுத்துக்கினு பாகூர் வருவேன். ஏரிக்கர டீக்கடையில, யாருக்கும் தெரியக்கூடாதுன்னு ஹெல்மெட்ட கழட்டாம குந்திக்கினு பாப்பேன். ஒன்பது வருஷம், ஒரு வாரம் வுடல. எனக்கு ஒன்னும் புரியாது. சுத்தி கீறவங்க எந்த எடத்துல சிரிக்கறாங்கன்னு பாத்துக்குவேன். நீ நல்லா எழுதறன்னு அதுலதான் எனக்குத் தெரியும்."

அதையும் விலைச்சீட்டு படிக்கிற முகத்தோடுதான் சொன்னான். வீட்டுக்கு வீடு சிரிக்கிற சத்தம் ஜன்னல் வழியே கேட்டது. பாய் ஆபீஸ் போன் அலறியது. டீக்கடையில் ஹெல்மெட்டாம், இதுவரை வந்ததிலேயே இதுதான் ஜோக்கு, திருப்பிப் போடு என்றார்கள். விஜயராணி பாதி மடித்த புடவையோடு நின்றாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு வருஷம் கூட இருந்தபோது ஒரே ஒரு தடவை இதை இவனிடம் கேட்டிருக்கலாமே என்று இருந்தது.

நேரலை முடிந்து லைட்டை அணைத்தார்கள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவன் அவளிடம் வந்தான்.

"வர ஞாயித்துக்கெழம எத்தினி மணிக்கு?"

"அன்னிக்கி ஷூட்டிங் கெடையாது."

"அப்ப வர வாணாமா?"

"வா. வூட்டுக்கு வா. சோறு துன்னலாம்."

வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு புகழ்வேந்தன் முழித்தான். அங்கே போனால் என்ன செய்யவேண்டும் என்று அவனுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

"சிரிக்கணுமா?" என்று கேட்டான்.

"வாணாம்" என்றாள்.