கண்ணை மறைத்த பட்டன்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் காலையிலேயே மறுபடியும் போன் செய்துவிட்டார்.

"அந்தப் பொண்ணு கண்ணு மேல பட்டன் ஏறி உக்காந்திருக்கும்மா. நான் விக்கிறது கண்ணாடி. கண்ணையே காணோம்னா கண்ணாடிய எங்க மாட்டுறது?"

"இங்க சரியாத்தான் சார் தெரியுது," என்றாள் பிக்சல்.

"அங்க தெரிஞ்சு எனக்கென்ன? கடை இங்கல்ல இருக்கு?"

பிக்சல் என்பது, திரைப் படத்தின் மிகச் சிறிய புள்ளியை நினைத்து அண்ணன் வைத்த பட்டப்பெயர். யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் சாய்ந்து தொங்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவாள். அண்ணனும் தங்கையுமாக, மாடியில் ஒரே அறையில், மற்றவர்களுக்கு இணையப் பக்கம் செய்து கொடுக்கும் தொழில். பக்கத்தைச் செய்வது அவள். வாடிக்கையாளர்களிடம் "ஆகட்டும் சார், ஆகட்டும் சார்" என்று தலையாட்டிவிட்டு வருவது அண்ணன்.

கண்ணாடிக் கடையின் பக்கத்தை அவள் ஆசை ஆசையாகச் செய்திருந்தாள். மேலே, சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் முகம். முகத்தின் பக்கத்தில் இரண்டு வரி. அவற்றின் கீழே, கண் பரிசோதனைக்கு நேரம் குறிக்க ஒரு பச்சைப் பட்டன். படத்துக்கும் பட்டனுக்கும் நடுவே எவ்வளவு இடம் விடலாம் என்று அரை நாள் யோசித்தவள் அவள்.

அந்தப் பட்டன் எப்படிக் கண்ணில் போய் உட்காரும்?

கணினியில் இருந்த எல்லாப் பிரவுசர்களிலும் திறந்து பார்த்தாள். சரியாக இருந்தது. பிரவுசர் சன்னலின் ஓரத்தைப் பிடித்து இழுத்து, அகலத்தைக் குறுக்கிக் குறுக்கி, ஒரு தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்து பார்த்தாள். பெண் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். மேசை இழுப்பறையில் திரை விரிசல் விட்ட பழைய போன் ஒன்று கிடந்தது. அதற்கு உயிர் கொடுத்துப் பார்த்தாள். அதிலும் ஒரு குறையும் இல்லை. அண்ணன் போனைப் பிடுங்கினாள்.

"ஏய், அதுல என் மெசேஜ் எல்லாம் இருக்கு!"

"உன் மெசேஜ யாரு பாக்கப் போறா? எனக்குப் பட்டன்தான் வேணும்."

அதிலும் பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

"ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லு," என்றாள். கடைக்காரர் அனுப்பினார். மனைவியின் போனால் தன் போனைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். படத்தில் பெரும்பகுதி அவருடைய கட்டைவிரல். மிச்சத்தில் டியூப்லைட் பளபளத்தது. ஓரத்தில் பச்சையாக ஏதோ தெரிந்தது. அது பட்டனாகவும் இருக்கலாம், மேசைவிரிப்பாகவும் இருக்கலாம்.

அண்ணனிடம் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து உண்டு. போனை எடுத்து, "சார், பிரவுசர்ல பழசெல்லாம் சேர்ந்து அடைச்சுக்கிட்டிருக்கும். எல்லாத்தையும் அழிச்சுட்டுத் திறந்து பாருங்க," என்றான்.

சற்று நேரத்தில் கடைக்காரர் கூப்பிட்டார். "அழிச்சுட்டேன் தம்பி. பட்டன் அங்கயேதான் இருக்கு. ஆனா இப்ப எனக்கு எந்தப் பாஸ்வேர்டும் ஞாபகம் இல்ல. என்ன பண்ணப் போறீங்க?"

அண்ணன் போனைத் தங்கையின் கையில் திணித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான்.

வேறு வழியில்லாமல் மத்தியானம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவளே கடைக்குக் கிளம்பினாள்.

நீளமான கடை. இரண்டு பக்கச் சுவரிலும் பிரேம்கள் வரிசை கட்டி நின்றன. பின்கட்டில் வில்லைகளைத் தேய்க்கும் இயந்திரம் கிரீச்சிட்டது. தடுப்புக்கு அப்பால் உள்ளறை. கடைக்காரரின் மனைவிதான் கண் பரிசோதனை செய்பவர். "இது நல்லாத் தெரியுதா, இல்ல முன்னாடி வச்சதா?" என்ற அவருடைய குரல் தடுப்பைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

கடைக்காரர் சிவப்புப் பிரேம் போட்ட கண்ணாடியோடு கவுண்டருக்குப் பின்னால் கம்பீரமாக நின்றார். போனை நீட்டினார். "நீங்களே பாருங்க."

பார்த்தாள். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பச்சைப் பட்டன் அந்தப் பெண்ணின் இரண்டு கண்களையும் பட்டையாக மறைத்திருந்தது. கண்ணாமூச்சி ஆட்டத்துக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டவளைப் போல அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வரி ஆறு வரியாகி, பெட்டிக்குள் அடங்காமல், பட்டனை நெட்டித் தள்ளியிருந்தது. பிக்சலுக்குத் தன் பிள்ளையை யாரோ அடித்துப்போட்ட மாதிரி இருந்தது.

பக்கத்தை மூடினாள். போன் முகப்பில் இருந்த எழுத்தெல்லாம் பேனர் எழுத்து மாதிரி இருந்தது. "செய்தி" என்ற ஒரு சொல்லே திரையில் பாதியை அடைத்தது. போனின் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தாள். எழுத்தின் அளவு கடைசி எல்லை வரை இழுத்துவிடப்பட்டிருந்தது. அதற்கு மேல் இழுக்க இடமில்லை.

"சார், எழுத்த இவ்ளோ பெருசா நீங்களா வச்சீங்க?"

கடைக்காரர் சட்டென்று தடுப்பைத் திரும்பிப் பார்த்தார். "மெதுவாப் பேசும்மா. அது... வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு."

அப்போதுதான் அவருடைய கண்ணாடியைக் கவனித்தாள். பவர் உள்ள வில்லை என்றால் கன்னத்தின் கோடு அதன் ஓரத்தில் உடைந்து தெரியும். இவருக்குக் கோடு நேராக ஓடியது. அது வெறும் கண்ணாடி. அழகுக்குப் போட்டது.

அவள் எழுத்தைச் சாதாரண அளவுக்குக் குறைத்து, பக்கத்தைத் திறந்து நீட்டினாள். "இப்ப பாருங்க சார்."

அவர் போனை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்தார். இன்னும் கொஞ்சம் நீட்டினார். கை அதற்கு மேல் வளரவில்லை. "ஆங்... இப்ப சரியா இருக்கு."

"பட்டன்ல என்ன எழுதியிருக்கு சார்?"

"அதான், 'நேரம் பதிவு செய்ய'."

"அத காலையில மேடம் மாத்தச் சொன்னாங்க. இப்ப 'கண்ணைக் காட்டுங்கள்'னு இருக்கு."

கடைக்காரர் போனைத் தாழ்த்தினார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா," என்றார் கிசுகிசுப்பாக. "அவ காதுல விழுந்தா அவ்வளவுதான். இருபது வருஷமா நான் கடைக்கு வர்றவங்ககிட்ட, 'கண்ணாடி போடறதுக்கு என்ன கூச்சம்'னு பேசிக்கிட்டிருக்கேன். என் போன்ல மட்டும் சரியாத் தெரியற மாதிரி ஏதாவது பண்ண முடியுமா?"

"சரி சார், பாக்கறேன்," என்று அவளும் குரலைத் தாழ்த்தினாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளறைக் கதவு திறந்தது. பரிசோதனை முடிந்த ஒரு பெண்மணியும், பின்னாலேயே கடைக்காரரின் மனைவியும் வந்தார்கள். பிக்சல் கவுண்டரில் திறந்து வைத்திருந்த மடிக்கணினியில் தெரிந்த பக்கத்தைப் பெண்மணி உற்றுப் பார்த்தார்.

"அட, இந்தப் பொண்ணுக்குக் கண்ணு இருக்கா! என் போன்ல கட்டுப்போட்டுல்ல இருந்துச்சு. ஆப்பரேஷன் விளம்பரம்னு நெனச்சேன்."

பிக்சல் நிமிர்ந்தாள். "உங்க போன்ல எழுத்து பெருசா வச்சிருக்கீங்களாம்மா?"

"பின்ன? பழைய கண்ணாடி உடைஞ்சு போச்சு. அதனாலதானே கண்ணாடிக் கடையத் தேடுறேன்? சின்ன எழுத்து தெரிஞ்சா நான் எதுக்கு இங்க வரேன்?"

பிக்சலுக்குச் சுருக்கென்றது. இந்தப் பக்கத்தைத் திறக்கப் போகிறவர்களே கண் சரியாகத் தெரியாதவர்கள். அவளோ கண் நன்றாகத் தெரிகிறவர்களுக்காக அதைச் செதுக்கிச் செதுக்கி வைத்திருக்கிறாள். எல்லாப் பிரவுசரிலும் பார்த்தாள், எல்லா அகலத்திலும் பார்த்தாள். எழுத்தைப் பெரிதாக்கி ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

அவள் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் வெற்றிக் களிப்பில் கவுண்டரைத் தட்டினார்.

"நான்தான் ஆரம்பத்துலேருந்து சொல்றேனே! யாரு நம்புனா? எனக்கும் அப்படியேதான் தெரியுது!"

பின்கட்டு இயந்திரம்கூட அந்தக் கணம் பார்த்து நின்றிருந்தது.

"உங்களுக்கும்?" என்றார் மனைவி.

"இல்ல... போன் வாங்கும்போதே..."

"அந்தப் போன வாங்கிக் கொடுத்தது நான். உள்ள வாங்க."

"கடையில ஆள் வேணுமில்ல?"

"இந்தப் பொண்ணு இருக்கா. வாங்கன்னா."

கடைக்காரர் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை மாதிரித் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்.

பிக்சல் கவுண்டரிலேயே உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். எழுத்து இருந்த பெட்டிக்கு அவள் உயரத்தைக் கறாராகக் கட்டிவைத்திருந்தாள். கட்டை அவிழ்த்தாள். இனி எழுத்து வளர்ந்தால் பெட்டியும் வளரும். படத்தின் மேல் மிதந்த பட்டனைக் கீழே இறக்கி, தனி வரிசையில் நிறுத்தினாள். அரை நாள் யோசித்து விட்ட இடைவெளி போயே போய்விட்டது. மனசு கொஞ்சம் வலித்தது. பெண்மணி பிரேம்களை மாட்டிப் பார்த்தபடி, அவ்வப்போது தன் போனை நீட்டி, "இப்ப ஒரு கண்ணு தெரியுது", "இப்ப ரெண்டும் தெரியுது" என்று நிலவரம் சொன்னார்.

உள்ளிருந்து குரல் வந்தது.

"கடைசி வரி தெரியுதா?"

"தெரியுது."

"என்ன எழுத்து?"

நாற்காலி முன்னால் நகரும் சத்தம் கேட்டது. "கறுப்பு எழுத்து."

கடைக்காரர் வெளியே வந்தபோது மூக்கின் மேல் பரிசோதனைக்கு மாட்டும் கனத்த வட்டப் பிரேம் இருந்தது. மனைவி போனைக் கையில் கொடுத்து, "படிங்க," என்றார்.

அவர் மடமடவென்று படித்தார். பட்டனைப் படித்தார், முகவரியைப் படித்தார், மூலையில் இருந்த பொடி எழுத்தைக்கூட விடவில்லை. சந்தோஷத்தில் பக்கத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார்.

"யாரும்மா இந்தப் பெரியவர்?"

"நீங்கதான் சார். நீங்களே பாத்து ஓகே சொன்ன போட்டோ."

"இத நான் ஓகே சொன்னேனா? கண்ணுக்குக் கீழ பை தொங்குது! உடனே மாத்து."

"உள்ளதுதானே தொங்குது," என்றார் மனைவி.

அங்கேயே புதுப் படம் எடுப்பதென்று முடிவானது. கடைக்காரர் தலையைக் கோதிக்கொண்டு நின்றார். பிக்சல் போனைத் தூக்கியதும், "இரும்மா," என்று சொல்லி மனைவியைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"நான் எதுக்குங்க?"

"கண்ணு பாக்கறது நீ. நான் சும்மா பிரேம் எடுத்துக் கொடுக்கறவன். வந்து நில்லு."

மனைவி முகம் சிவந்து, சட்டைக் காலரை அவருக்குச் சரிசெய்துவிட்டு, பக்கத்தில் நின்றார். பிக்சல் எடுத்த படத்தில் இருவரும் சிரித்தார்கள். பக்கத்தில் ஏற்றி மடிக்கணினியில் காட்டினாள். எல்லோருக்கும் திருப்தி.

"என் போன்லயும் நல்லாத்தான் இருக்கு," என்றார் பெண்மணி. "டாக்டரம்மா அழகா நிக்கறாங்க. பக்கத்துல யாரோட தோளு அது?"

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். குறுகலான திரையில் படம் ஓரம் வெட்டுப்பட்டு, அவருடைய இடது தோள் மட்டும் மிஞ்சியிருந்தது.

"நான் எங்கம்மா?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இதுக்கு மேல ஒண்ணும் தொடாதீங்க. அப்படியே இருக்கட்டும்."

"அப்படியே இருக்கட்டுமா? கடை என்னோடதுடி!"

பிக்சல் மூடப் போன மடிக்கணினியை மறுபடி திறந்து, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.