சுத்தமான கொசுக்கள்

எங்கள் ஆய்வகத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் மறுபடி சார். எந்த ரிசல்ட்டைக் கொண்டுபோய் நீட்டினாலும் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கன்டாமினேஷனா இருக்கும். மறுபடி போடும்மா" என்பார். ஒரு குழாயில் இருந்த வைரஸ் எங்கள் கையுறையில் ஒட்டிக்கொண்டு அடுத்த குழாய்க்குள் போயிருக்கும் என்பது அவருக்குத் தீராத சந்தேகம். வீட்டில் காபியைக்கூட இரண்டு தடவை போடச் சொல்வாராக்கும் என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வோம்.

எங்கள் வேலை கேட்பதற்குப் பெரிதாக இருக்கும், செய்வதற்கு எரிச்சலாக இருக்கும். ஆஸ்பத்திரிகளிலிருந்து காய்ச்சல்காரர்களின் ரத்தம் வரும். தெருவில் வைத்த பொறிகளிலிருந்து கொசுக்கள் வரும். இரண்டிலும் இருக்கிற வைரஸின் மரபணுவை எழுத்து எழுத்தாக மெஷினில் படித்து ஒப்பிடுவோம். ஆள் மாறி ஆள் பரவும்போது அது அங்கங்கே ஓர் எழுத்தை மாற்றிக்கொள்ளும். அந்த மாற்றங்களை வைத்து ஒரு மரம் வரைந்தால், எது எதிலிருந்து கிளைத்தது என்று தெரிந்துவிடும்.

அந்த மழைக்காலத்தில் மரத்தில் ஒரு புதுக் கிளை முளைத்திருந்தது. மற்றவர்களுக்கு அது லேசான காய்ச்சல், கொஞ்சம் அரிப்பு, அவ்வளவுதான். கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றுக்குள் இருக்கிற குழந்தையின் மூளையை வளரவிடாது.

என் தங்கச்சிக்கு அப்போது நாலாம் மாதம். அவள் வீட்டுக்காரர் வேலையாக வெளியூர் போயிருந்ததால் என்னோடு இருந்தாள். அவளுக்காகவே ஜன்னல், கதவு எல்லாவற்றுக்கும் வலை அடித்தேன். கைகாலில் மருந்து பூசாமல் அவளை நகரவிட மாட்டேன்.

"ஜெயில்ல கூட இவ்வளவு கெடுபிடி இருக்காது" என்பாள்.

"வாயை மூடிட்டு கையை நீட்டு" என்பேன்.

மெஷினில் ஒவ்வொரு முறையும் நோயே இல்லாத சில கொசுக்களையும் சேர்த்துப் போடுவோம். அதில் ஒன்றும் வரக்கூடாது. வந்தால் தப்பு எங்கள் கையில். அதற்குப் பெயர் கன்ட்ரோல். அதற்கென்று ஆய்வகத்தில் வளர்த்த கொசுக்கள் ஏசி கெட்டுப்போனதில் மொத்தமாகச் செத்துத் தொலைந்தன. புதிதாக வரவழைக்க நேரமில்லை. என் வீட்டிலிருந்து முட்டை கொண்டுவருகிறேன் என்று நான்தான் சொன்னேன். ஆய்வகத்துக் கூண்டிலேயே பொரிந்து வளர்கிற கொசு யாரையும் கடித்திருக்காது. கடிக்காத கொசுவுக்கு வைரஸ் எங்கிருந்து வரும்?

பின்வாசல் படியில் கறுப்புக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். தங்கச்சி வலைக்கதவுக்கு உள்ளே நின்று வேடிக்கை பார்த்தாள்.

"ஊரே கொசுவை அடிச்சுக் கொல்லுது. எங்கக்கா தண்ணி வச்சு வாங்க வாங்கங்கிறா."

முட்டை கிடைத்தது, பொரிந்தது, வளர்ந்தது. மெஷினில் போட்டோம். கன்ட்ரோலில் வைரஸ் வந்தது.

"கன்டாமினேஷன். மறுபடி போடும்மா" என்றார் மறுபடி சார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மேஜையைத் துடைத்து, புதுக் கையுறை மாட்டி, அவர் கண்ணெதிரிலேயே மறுபடி போட்டேன். மறுபடியும் வந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் மரத்தைத் திரையில் போட்டுக் காட்டினேன்.

"இங்க பாருங்க சார். வேற குழாயிலேர்ந்து வந்து விழுந்திருந்தா அதே மாதிரி இருக்கணும். இதுல ஒரு எழுத்து மாறியிருக்கு. அந்த மாற்றம் எந்த நோயாளிகிட்டயும் இல்ல, எந்தத் தெருக் கொசுகிட்டயும் இல்ல."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். "தாய்க்கொசு முட்டையோடயே கொடுத்து அனுப்பியிருக்கு" என்றார். "அபூர்வம்தான். ஆனா நடக்கும். அதே புதுக் கிளைதான். முட்டை எங்க எடுத்தேம்மா?"

அவரை ஜெயித்துவிட்ட சந்தோஷம் அந்தக் கேள்வி வரைக்கும்தான் இருந்தது.

இந்த ஜாதிக் கொசு தேங்கின தண்ணீரை விட்டு அதிகதூரம் பறக்காது. வீட்டுக்கு ஓடினேன். தங்கச்சி சமையலறையில் ஃப்ரிட்ஜில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். தரை குளுமையாக இருக்கிறதென்று அவள் எப்போதும் உட்காருகிற இடம்.

"என்னக்கா, பேய் பார்த்த மாதிரி வர்றே?"

"எந்திரி."

ஃப்ரிட்ஜை இழுத்தேன். பின்பக்கம் தண்ணீர் சொட்டுகிற தட்டில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்துக் கொசுவை உள்ளேயே வைத்துப் பூட்டியிருக்கிறேன். தட்டை உருவிச் சுடுதண்ணீரில் போட்டேன். திரும்பிப் பார்த்தால் அவள் முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தாள். தோலில் பொடிப்பொடியாகச் சிவந்திருந்தது.

"எத்தனை நாளா இது?"

"அட, வேர்க்குருதான்க்கா. இதுக்குப் போய் ஏன் அழறே?"

ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தத்தை நானே ஆய்வகத்துக்கு வாங்கிப் போனேன். மறுபடி சார் என்னை மெஷின் பக்கமே விடவில்லை. வருஷக்கணக்காகக் குழாயைத் தொடாத மனுஷன், கையுறை மாட்டிக்கொண்டு தானே உட்கார்ந்தார். கொசு வேண்டாம், இந்த முறை கன்ட்ரோலுக்கு வெறும் தண்ணீர் போதும் என்றார்.

எழுத்துகள் வந்து முடிந்ததும் மரம் திரையில் விரிந்தது. என் வீட்டுக் கொசுக்களை ஒட்டி ஒரு புதுத் தளிர் நின்றது. அதே எழுத்து மாறியிருந்தது. பக்கத்தில் என் போன் அடித்தது. தங்கச்சி. நான் எடுக்கவில்லை.

"கன்டாமினேஷனா இருக்கும் சார்" என்றேன். "என் துணியில ஒட்டியிருக்கும். வீட்டுலேர்ந்துதானே நேரா வந்தேன்."

அவர் தண்ணீர்க் குழாயின் ரிசல்ட்டைத் திறந்து பார்த்தார்.

"மறுபடி போடலாம் சார். சொல்லுங்க சார், மறுபடி போடச் சொல்லுங்க."

அவர் கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கன்ட்ரோல் சுத்தமா இருக்கும்மா" என்றார்.