ஒரு சொட்டும் சிந்தாமல்

இருநூற்றுப் பதினாறாவது கிலோமீட்டர் கல்லருகே, காலை ஏழரை மணிக்கு, ஓடும் லாரியின் சன்னல் வழியாக டிரைவர் மணிக்கூண்டு வீசியெறிந்த மூத்திரப் பாட்டில், மறுநாள் அவர் வீடு திரும்புவதற்கு முன்பே அவருடைய வாசற்படியில் வந்து நின்றிருந்தது. நடுவில் அறுநூறு கிலோமீட்டர் தூரம், இரண்டு சுங்கச்சாவடி, ஒரு ஆறு. ஒரு லிட்டர் பாட்டில், முக்கால் அளவு நிரம்பியது, ஒரு சொட்டும் சிந்தவில்லை. மூடியின் விளிம்பில் மட்டும் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. துரு என்று முடிவு செய்துகொண்டார். பிளாஸ்டிக்கில் துரு பிடிக்காது என்பது இருபத்திரண்டு வருடம் இரும்போடு குடித்தனம் நடத்திய மனிதருக்குத் தெரியாததல்ல.

மணிக்கூண்டு என்பது சக ஓட்டுநர்கள் வைத்த பெயர். அவருடைய லாரி கிடங்கு வாசலில் திரும்பினால் காவலாளி தன் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார் என்பார்கள். ஆபீஸ் சுவரில் அவர் படம் மாட்டியிருந்தது. கீழே ‘தொழில்சுத்தம்’ என்று ஒரே ஒரு சொல். சரக்கும் குறையக் கூடாது, நேரமும் தவறக் கூடாது, தொழில் என்றால் அவ்வளவுதான் என்று பாராட்டு விழாவில் பேசிக் கைதட்டலும் வாங்கியிருந்தார். பேசாமல் விட்டது ஒன்றுண்டு. பன்னிரண்டு சக்கர வண்டியை ஓரங்கட்டி, இறங்கிக் கழிப்பறைக்குப் போய்வர ஒரு தடவைக்குப் பதினொரு நிமிடம் ஆகும். நிமிடக்கணக்கில் சரக்கு இறக்கும் நேரம் குறித்துத் தருகிற கம்பெனியில் அந்தப் பதினொரு நிமிடத்துக்கு இடமே கிடையாது. ஆகவே பாட்டில். ஸ்டியரிங்கை முழங்காலில் முட்டுக்கொடுத்தபடி செய்கிற இந்த வித்தையில் அவர் ஒருநாளும் இருக்கையை நனைத்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதையும் தொழில்சுத்தத்தில் சேர்த்துத்தான் எண்ணியிருந்தார்.

அன்று காலை வீசிய கையோடு பக்கக் கண்ணாடியைப் பார்த்தபோது, சாலையோரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒன்று மெதுவாக உட்கார்ந்தது. பதினொரு மணிக்குச் சரக்கை இறக்கியாக வேண்டும். கண்ணாடியைச் சற்றே திருப்பி வைத்துவிட்டு ஓட்டினார். ஆனால் வாசலில் பாட்டிலைக் கண்ட நாள் முதல் ஒரே கேள்வி அவர் கூடவே வந்தது: அங்கே அடிபட்டது ஆளா? சக ஓட்டுநரிடம் கேட்டார். “ஆரஞ்சுன்னா ரோட்டுல வைக்கிற கூம்பா இருக்கும்ணே,” என்றான் அவன். கூம்பு உட்காருமா என்றதற்கு, காற்றடித்தால் உட்காரும் என்றான். மேனேஜரிடம் கேட்டார்.

“சரக்கு டைமுக்குப் போயிருச்சா?”

“போயிருச்சு சார்.”

“அப்புறம் என்னய்யா?”

முதல் வாரம் தினம் மூன்று பாட்டில்கள் வந்தன. இரண்டாம் மாதம் தினம் நூறைத் தாண்டின. அண்மையில் வீசியவை முன்னாலும் பழையவை பின்னாலுமாக, அவர் வாழ்க்கை தலைகீழ் வரிசையில் வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. சிறுநீரகத்தில் கல் இருந்த வருடம் செங்கல் நிறத்தில் வந்தது. கோடையில் வீசியவை மூடி உப்பி வந்தன. அவற்றில் ஒன்று துணி காயும் கொடியருகே வெடித்தது. மகளின் பள்ளிச் சீருடையை நான்கு தடவை துவைத்தும் நாற்றம் போகவில்லை. குப்பை வண்டிக்காரர்கள், மன்னிக்க வேண்டும், இது குப்பையில் சேராது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஆகவே வீட்டிலிருக்கும் நாளெல்லாம் மூக்கில் துணி கட்டிக் கழிப்பறையில் உட்கார்ந்து, மூடி மூடியாகத் திறந்து அவரே ஊற்றினார். காலி செய்தவை திரும்பி வரவில்லை, அந்த மட்டில் நியாயமாகவே நடந்தது. தன்னுடையதுதானே என்று மனதைத் தேற்றிப் பார்த்தார். ஐந்து வருடப் புளிப்புக்குத் தன்னுடையது பிறருடையது என்ற பேதம் கிடையாது. குமட்டி, கொட்டியதற்கு மேலேயே வாந்தியும் எடுத்தார். இதைவிட அருவருப்பான செய்தி ஒன்று உண்டு: இத்தனைக்கும் நடுவே அவர் வண்டி ஓட்டப் போனார், பாட்டிலை வீசவும் செய்தார். சரக்கு இறக்கும் நேரம் மாறவில்லையே.

அவர் மனைவி மூன்று மாதம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மதியம், லேபிள் கிழியாத பழைய பாட்டில் ஒன்றைப் பழந்துணியால் பிடித்தபடி வந்து அவர் முன்னால் வைத்தாள். லேபிளில் பேனாவால் ‘பெண். 2.9 கிலோ’ என்றிருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது, கைக்கு எட்டியதில் எழுதிக்கொண்டது. எழுதி, சிரித்து, கண்ணைத் துடைத்து, மறுபடி மறுபடி படித்து, எண்பது கிலோமீட்டர் தள்ளி அதிலேயே ஒன்றுக்கும் இருந்து வீசியும் எறிந்திருந்தார்.

“இவ பொறந்தப்ப நீங்க வரல. பரவால்ல, இது வந்திருச்சு,” என்றாள் மனைவி. பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: “முதல் பாட்டில் மூடியில இருந்தது ரத்தம்தானே? யாரை அடிச்சீங்க?”

தெரியாது என்றார். அவர் தெரிந்துகொண்டு வருகிறவரை தானும் மகளும் தன் அக்கா வீட்டில் இருக்கப்போவதாகச் சொல்லிவிட்டு அவள் பையை எடுத்தாள்.

அடுத்த நடையில், பதினாறு டன் இரும்புத் தகட்டோடு, இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் இருநூற்றுப் பதினாறில் வண்டியை ஓரங்கட்டினார். ஆரஞ்சு மேல்சட்டை போட்ட பெண் ஒருத்தி இடுக்கியால் புல்லுக்குள்ளிருந்து குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தாள். இடது புருவத்தை ஒரு தழும்பு இரண்டாக வெட்டியிருந்தது. வண்டிக்குள் மேனேஜரின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

“ஏம்மா, மூணு மாசம் முன்னாடி இங்க யாருக்காச்சும் அடிபட்டுச்சா?”

“எனக்குத்தான். நாலு தையல்.” அவள் நிமிரவில்லை. “நீங்கதான் போட்டதா?”

“நான்தான்மா.”

“சரி.”

அவர் கால்மாற்றி நின்றார். மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்து, அதன் அளவு போதாமல் உள்ளேயே நின்றுவிட்டது. கடைசியில், யாரிடம் கேட்டும் பதில் வராத இன்னொன்றைக் கேட்டார்: தான் வீசியதெல்லாம் தன் வீட்டுக்கே வந்து சேர்கிறதே, இது என்ன அதிசயம்?

அவள் இடுக்கியைத் தரையில் ஊன்றிக்கொண்டு அவரை முதல் தடவையாக ஏறிட்டுப் பார்த்தாள்.

“இதுல என்ன அதிசயம் இருக்கு டிரைவரே? உங்க மூத்திரம் உங்க வீட்டுக்கு வருது. பதினாலு வருசமா என் கைக்கு வந்துச்சு பாருங்க, அதுதான் அதிசயம்.”