ஐந்தாம் எண் தாள்

“சென்சார் பெருசா இருக்கணும், ஜூம் இருநூறு மில்லிமீட்டர் வரைக்கும் நீளணும், மங்கின வெளிச்சத்துலயும் படம் பளிச்சுன்னு வரணும், இதெல்லாம் கோட்டுப் பையிலயும் போகணும். எங்கம்மா எனக்குப் பொண்ணு தேடினப்போகூட இவ்வளவு கேக்கலைம்மா.”

“கேட்டிருந்தா நான் கிடைச்சிருப்பேனாங்க?”

“கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படி? ஏதாவது ஒண்ண விட்டுக்குடு.”

“பேட்டரியைச் சின்னதாக்குங்க. ஃபிளாஷைத் தூக்கிப் போடுங்க. என் இருநூறை மட்டும் தொடாதீங்க.”

“சரி தாயே. அது மேல எவன் கை வெச்சாலும் என்னைத் தாண்டித்தான் வரணும்.”

ஒன்றரை வருடத்துக்கு முன்னால், சமையலறையில் பாத்திரம் துடைத்தபடி புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது இது. அவள் லென்ஸ் வடிவமைப்பவள்; தொழிற்சாலை முழுக்க ‘லென்ஸம்மா’ என்றால்தான் தெரியும். அவன் அதே கேமராவுக்கு உடம்பு செய்கிறவன், இந்தத் திட்டத்துக்கே தலைவன். அந்தப் பேச்சு ஒரு வார்த்தை பிசகாமல் இப்போது அவள் காதில் இரைந்தது. கையில் இருந்த தாள் அப்படி.

‘ஜூமின் நீள்முனை: 200 அல்ல, 120 மி.மீ. இறுதி முடிவு.’ அதன் கீழே, அவசரத்தில் கிறுக்கியது போல, அவள் கணவனின் கையெழுத்து.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாளைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கத்தில் யாராவது ‘சும்மா விளையாட்டு’ என்று எழுதியிருப்பார்கள் என்பது போல. இல்லை. நேற்று மதியம் மகளின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியரைப் பார்க்க அவள் கிளம்பிப் போன பிறகு முடிவாகியிருக்கிறது. அந்த மனிதன் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான், சாப்பிட்டான், மகளுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் செய்தான்!

அந்த இருநூறுக்காக அவள் என்னவெல்லாம் கொடுத்திருந்தாள். லென்ஸுக்குள் இருந்த பதினைந்து கண்ணாடிகளில் ஒன்றை எடுத்தாள். படத்தின் மூலைகள் கொஞ்சம் மங்கினால் மங்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அவனும் கொடுத்திருந்தான். உலோக அடித்தட்டை விட்டான், பேட்டரியைக் குறுக்கினான். கண் வைத்துப் பார்க்கிற வ்யூஃபைண்டரைக் காப்பாற்ற இருவரும் சேர்ந்து ஃபிளாஷைப் பலி கொடுத்தார்கள். அறுநூறு கிராமுக்குள் எல்லாம் அடங்கிய அன்று, தராசின் முன்னால் இரண்டு பேரும் குழந்தை எடை பார்க்கிற பெற்றோர் மாதிரி நின்றார்கள்.

நேராகச் சோதனைக்கூடத்துக்குப் போனாள். அங்கே இருபது வருடமாக இருக்கிற அக்கா இவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார்.

“எங்கிட்ட பாயாதே லென்ஸம்மா. கைச் சோதனைல அடிபட்டுப் போச்சு. எண்பது வேணும், சராசரி எழுபத்தொம்பது சொச்சம்தான் வந்துது.”

கைச் சோதனை என்பது அந்தத் தொழிற்சாலையின் பழக்கம். திட்டத்தில் இருக்கும் எட்டுப் பேரும், ஜூமை முழுக்க நீட்டி, ஸ்டாண்டு இல்லாமல் வெறும் கையால் ஆளுக்கு நூறு படம் எடுக்க வேண்டும். எத்தனை படம் தெளிவு என்பதுதான் மதிப்பெண்; சராசரி எண்பதுக்குக் கீழே போனால் ஜூமைக் குறைத்தாக வேண்டும். யாரும் பெருமையடிக்கக் கூடாது என்பதற்காகத் தாளில் பெயர் இருக்காது. குலுக்கலில் வந்த எண் மட்டும்தான்.

“தாளைக் காட்டுங்கக்கா.”

எண்பத்தெட்டு. தொண்ணூறு. எண்பத்தேழு. எண்பத்தாறு. ஐந்தாம் எண் தாளில் இருபத்தொன்று. மற்ற மூன்றும் பழையபடி தொண்ணூறை ஒட்டி.

“இருபத்தொண்ணா? இதை எப்படிக்கா சேர்த்தீங்க? குடிச்சிட்டு எடுத்தானா எவனாவது?”

“எந்தத் தாளையும் தள்ளக் கூடாது, கேமரா வாங்கறவங்கள்லயும் கை ஆடறவங்க இருப்பாங்கன்னு ரூல் போட்டது யாரு? நான் போடலைம்மா.”

அவள்தான் போட்டாள்.

“அந்த அஞ்சாம் நம்பர் படத்தையெல்லாம் போடுங்க. எவன்னு பாத்துடறேன்.”

அக்கா திரையில் ஓட்டினார். கட்டம் போட்ட அட்டையின் படம், ஒன்றன்பின் ஒன்றாக. கோடுகள் இரட்டையாக, புகையாக, கண்ணீரோடு பார்த்த மாதிரி. பத்தாவது படத்தில் அவள் திரையை நெருங்கிக் குனிந்தாள். மங்கலைத் தவிர வேறொன்று கண்ணில் பட்டது. எல்லாப் படமும் ஒரு நூல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

அந்தச் சாய்வு அவளுக்கு அத்துப்படி. மகள் முதன்முதலாக நின்றபோது கணவன் எடுத்த படத்தில் அலமாரியே சாய்ந்திருக்கும். ‘புள்ளை நிக்கக் கத்துக்கிட்டா, நீங்க இன்னும் கேமராவை நேராப் பிடிக்கக் கத்துக்கலை’ என்று பத்து வருடமாகக் கேலி செய்கிறாள். ஆனால் அந்தப் படங்கள் சாய்ந்திருக்குமே தவிர, ஒன்றுகூடக் கலங்கியதில்லை. கல்லில் செதுக்கின மாதிரி நிற்கிற கை அவனுக்கு.

“என்னம்மா, வெளுத்துப் போயிட்டே? தண்ணி குடி.”

“ஒண்ணுமில்லக்கா.”

மாதிரி கேமராக்கள் செய்யும் அறையின் கதவைத் தள்ளியபோது அவன் மேசையில் குனிந்து ஒரு கேமராவின் அடிப்பக்கத்தில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தான். இடது கையால். வலது கை தொடைக்கு அடியில் செருகியிருந்தது. வலது கைக்காரன் அவன். எத்தனை நாளாக இப்படி உட்கார்கிறான்? ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு எப்படிப் பார்க்காமல் போனாள்?

அந்த 120-ஐப் பார்த்தது முதல் அவள் நாக்கில் சேர்த்து வைத்திருந்த வசவுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அவன் நிமிர்ந்தான். “திட்டத்தான வந்தே? திட்டு.”

“அஞ்சாம் நம்பர் நீங்கதானா?”

அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். அது உருண்டு போய் மேசை விளிம்பில் நின்றது.

“கையை வெளிய எடுங்க.”

“வேண்டாம்மா.”

“எடுங்கன்னா!”

எடுத்தான். மேசைமேல் விரித்து வைத்த அந்தக் கை, கூண்டுக் குருவி மாதிரி தானாகத் துடித்தது. அவள் இரண்டு கையாலும் அதைப் பொத்தினாள். உள்ளேயும் துடிப்பு ஓயவில்லை. கையை விடாமலே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எத்தனை மாசமா?”

“ஏழு.”

“ஏழு மாசமா! டாக்டர்?”

“ரெண்டு தரம் போனேன். டோக்கன் வாங்கி உக்காந்து, என் நம்பர் கூப்பிட்டதும் எழுந்து வந்துட்டேன்.” சிரிக்கப் பார்த்தான். “உன் இருநூறு நல்லாத்தான் இருக்கு. கையெழுத்துப் போடறப்போவே எனக்குத் தெரியும். ரூல் இருந்தாலும் திட்டத் தலைவன் நான், என் தாளை எடுத்துடுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். ஏன்னு கேப்பாங்களே... வாய் வரலை.”

“இருநூறு கிடக்குது, குப்பையில போகட்டும். எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“தினமும் சொல்லணும்னுதான். பாத்திரம் துடைக்கும்போது, புள்ளை தூங்கினப்புறம்... ‘ஒண்ணு கேக்கணும்’னு ஆரம்பிப்பேன். நீ ‘என்ன?’ம்ப. ‘ஒண்ணுமில்ல’ன்னுடுவேன்.”

எத்தனை ‘ஒண்ணுமில்ல’! அத்தனையும் அவளுக்கு நினைவிருந்தது. பசி, தூக்கம், ஆபீஸ் தொல்லை என்று ஒவ்வொன்றுக்கும் அவளே ஒரு காரணம் வைத்துக்கொண்டிருந்தாள்.

“இப்போ கேளுங்க.”

அவன் அவள் பக்கம் திரும்பினான். பொத்திய கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு எங்கூட வர்றியா? தனியாப் போக எனக்கு பயமா இருக்கு.”