வட்டிக்கு மட்டும்தான்

சோலையப்பன் துபாய்க்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அல் குசைஸில் ஒரு கட்டட கம்பெனியின் கேம்பில் தங்கி, பலகை அடிக்கும் ஷட்டரிங் வேலையில் ஃபோர்மேனாக இருந்தார். ஊர் இளையான்குடிப் பக்கம். மனைவி பூவாயியும் ஒரே மகள் பானுப்பிரியாவும் அங்கே இருந்தார்கள். மகளின் நர்சிங் படிப்புக்கென்று ஊர் வங்கியில் ஆறு லட்சம் ரூபாய் டெபாசிட் போட்டிருந்தார். அதைச் சேர்ப்பதற்குள் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

அவருடைய கணக்கு, விமானம் ஏறுவதற்கு முன்பே திறந்த சாதாரண சேமிப்புக் கணக்கு. வெளிநாட்டில் இருப்பதை வங்கியில் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. போன வருஷம் லீவில் போனபோது விவரங்களைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். பாஸ்போர்ட், விசா நகலைக் கொடுத்து, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

இந்த ஏப்ரலில் ஒரு நாள் சைட்டிலிருந்து கேம்புக்குத் திரும்பும் பஸ்ஸில் போனில் ஒரு செய்தி வந்தது. எல்லாம் இங்கிலீஷ். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுரேஷ்குமாரிடம் நீட்டினார். சுரேஷ்குமார் கம்பெனி டிரைவர், அதே ரூம்காரன், பன்னிரண்டாவது வரை படித்தவன்.

"அண்ணே, வரி புடிச்சிருக்கான். முப்பத்தியொண்ணு பாயிண்டு ரெண்டு பர்சன்ட்."

"அப்படின்னா?"

"மூணுல ஒரு பங்குன்னு வச்சுக்கங்க."

ஆறு லட்சத்தில் மூன்றில் ஒரு பங்கு. சோலையப்பனுக்கு மனக்கணக்குக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. ரெண்டு லட்சம். 

"பேங்குக்கே அனுப்பாதீங்க அண்ணே," என்றான் சுரேஷ்குமார். "எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்காரு. இங்க கையில குடுத்தா ஊர்ல வீட்டுக்கே வந்து கையில குடுத்துருவாங்க. டெபாசிட்டையும் உடைச்சு எடுத்துருங்க. விட்டா மிச்சத்தையும் புடிச்சுருவான்."

அன்றிலிருந்து நாலு நாள் சோலையப்பன் வீட்டுக்குப் பேசவில்லை. பூவாயி கூப்பிட்டபோதெல்லாம் டியூட்டியில் இருப்பதாகச் செய்தி போட்டார். என்னவென்று சொல்வது? மகளின் ஃபீஸ் பணத்தை வரிக்காரன் கொண்டு போய்விட்டான் என்றா? பதினைந்து வயதிலிருந்து உழைக்கிற மனுஷன், சோற்றில் கை வைத்தால் இறங்கவில்லை. சம்பளம் வந்ததும் அந்த ஆளிடமே கொடுத்துவிடலாம் என்று சுரேஷ்குமாரிடம் சொல்லிவிட்டார்.

ஐந்தாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பூவாயியிடமிருந்து ஆறு நிமிஷத்துக்கு ஒரு குரல் பதிவு வந்திருந்தது. அவள் அவ்வளவு நீளமாகப் பேசி அனுப்பியதே இல்லை. தெரிந்துவிட்டது என்று நினைத்தார். சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு, நிழலில் தனியாகப் போய் உட்கார்ந்து காதில் வைத்தார்.

"ஏங்க, பேங்குல இருந்து வீட்டுக்குக் கடுதாசி வந்துச்சு. பானு படிச்சுச் சொன்னா. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. உங்களுக்கும் வந்திருக்கும், அதான் நாலு நாளா டியூட்டி டியூட்டின்னு சொல்றீங்கன்னு புரிஞ்சுபோச்சு. நேத்து நானே பேங்குக்குப் போயிட்டேன். பத்து மணிக்குப் போனவ, மேனேஜர் பாக்குற வரைக்கும் எந்திரிக்கல. கேட்டுக்கங்க. அசல்ல அஞ்சு காசு தொடல. ஆறு லட்சம் அப்படியே இருக்கு. வரி வட்டிக்கு மட்டுந்தான். போன வருஷம் நீங்க பாஸ்போர்ட் நகல் குடுத்ததும் கணக்க வெளிநாட்டுல இருக்கிறவங்க கணக்கா மாத்திட்டாங்களாம், அதான் இந்த வரி. வருச வட்டி நாப்பத்திரெண்டாயிரம், அதுல பதிமூவாயிரத்துச் சொச்சம் புடிச்சிருக்காங்க. நம்ம ஊர்ல உங்களுக்கு வேற வருமானம் கெடையாது, அதுனால கணக்குத் தாக்கல் பண்ணா அதுவும் திரும்ப வந்துருமாம்."

சோலையப்பன் அந்த இடத்தில் நிறுத்தினார். திரும்ப முதலிலிருந்து போட்டுக் கேட்டார். "அசல்ல அஞ்சு காசு தொடல" என்ற வார்த்தையை மூன்று முறை கேட்டார். கண் கலங்கியது. வெயிலில் வடிந்த வேர்வையோடு அதையும் சேர்த்துத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

மிச்சத்தில் பூவாயி இன்னொன்றும் சொல்லியிருந்தாள். வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கென்றே என்.ஆர்.இ. என்று ஒரு கணக்கு இருக்கிறதாம். அதில் போடும் டெபாசிட்டின் வட்டிக்கு, அவர் வெளிநாட்டில் வேலை பார்க்கும் வரை, ஊரில் வரியே இல்லையாம்.

அன்று சாயங்காலமே கேம்பிலிருந்து போனில் அவளைக் கூப்பிட்டார்.

"டெபாசிட்ட உடைச்சுறலாம்னு இருந்தேன்," என்றார்.

"நானும் அதத்தான் கேட்டேன். இப்ப உடைச்சா வட்டிய வெட்டிருவாங்களாம். ஜூலைல தவணை முடியுது, ஃபீஸும் ஆகஸ்ட்லதான். அது பாட்டுக்குக் கெடக்கட்டும். இனிமே வர்ற பணத்த மட்டும் புதுக் கணக்குக்கு அனுப்புங்க."

"வீட்டுச் செலவுக்கு?"

"அதுலருந்தே நான் எடுத்துக்கலாம். நீங்க ஒரு அனுமதிக் கடுதாசி எழுதிக் குடுக்கணும், அவ்வளவுதான். ஊரோட வந்துட்டீங்கன்னா அப்பவே சொல்லி மறுபடி சாதாக் கணக்கா மாத்திக்கணுமாம். இந்தத் தடவையாச்சும் மறக்காமச் சொல்லணும்."

"சொல்லிர்றேன்," என்றார் சோலையப்பன், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்று மறுநாள் கம்பெனி ஆபீஸுக்குப் போனார். கணக்குப் பிரிவில் இருந்த பத்மா கோயம்புத்தூர்க்காரர். வங்கிச் செய்தியையும் பூவாயி அனுப்பிய கடிதத்தின் படத்தையும் பார்த்தார், சுரேஷ்குமார் சொன்ன ஆளைப் பற்றியும் கேட்டுக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரம்மா சொன்னது சரிதாங்க அண்ணா. எனக்கும் இதே மாதிரி ரெண்டு கணக்குதான். ஊர்ல இருக்கிற வீட்டு வாடகை ஒண்ணுல, இங்க வாங்குற சம்பளம் இன்னொண்ணுல. பான் கார்டு இருக்குதுங்களா?"

"இருக்குங்க மேடம்."

"அப்ப ஜூலைக்குள்ள தாக்கல் பண்ணிடுங்க. அந்தக் கையில பணம் வாங்குற ஆளுகிட்ட மட்டும் குடுத்துடாதீங்க. காணாமப் போச்சுன்னா யார்கிட்டயும் போய்க் கேக்க முடியாது."

புதுக் கணக்குக்கான விண்ணப்பத்தைப் பத்மாவே நிரப்பிக் கொடுத்தார். சோலையப்பன் இந்த முறை ஒவ்வொரு கட்டத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

ரூமுக்கு வந்ததும் சுரேஷ்குமார் கேட்டான், "அண்ணே, அந்த ஆளு நாளைக்கு வரலாமான்னு கேக்குறாரு."

"கலாஸ், முடிஞ்சு போச்சுன்னு சொல்லிரு தம்பி. பேங்குலயே போடுறேன். ஆமா, நீ எந்தக் கணக்குக்கு அனுப்புற?"

சுரேஷ்குமார் தலையைச் சொறிந்தான். அவனுடையதும் விமானம் ஏறுவதற்கு முன்பு திறந்த சாதாக் கணக்குதான்.

"பாஸ்போர்ட் நகல எடுத்து வையி. நாளைக்கு மேடத்துகிட்டப் போவோம்," என்று சொல்லிவிட்டு சோலையப்பன் தட்டை எடுத்துக்கொண்டு சமையல் கட்டுக்குப் போனார். அன்று மீன் குழம்பு. இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.