இரண்டு கூட்டுக்குடும்பம்

“டாக்டர் என்ன சொல்றார்னா, இந்தச் சின்ன மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்த...”

அவ்வளவுதான். திரையில் மருத்துவர் பாதி திறந்த வாயோடு உறைந்து நின்றார். நடுவில் ஒரு வட்டம் சாவகாசமாகச் சுற்ற ஆரம்பித்தது.

அவள் லேப்டாப்பை வாரி எடுத்துக்கொண்டு ஓடினாள். ஹெட்செட் ஒயர் நாற்காலிக் கையில் மாட்ட, நாற்காலியும் கூடவே வாசற்படி வரை வந்து கவிழ்ந்தது. நிறுத்த வேண்டுமா, நிறுத்தக் கூடாதா? எங்கோ ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், இதயத்தில் புது வால்வு வைத்துக்கொண்ட ஒரு சமையல்காரர் பாதி வாக்கியத்தோடு படுத்திருக்கிறார்.

ஹாலுக்கு வந்ததும் வட்டம் நின்றது. மருத்துவர் அசைந்தார்.

“...கூடாது! நிறுத்தக் கூடாது!” என்று அவள் கத்தினாள்.

“ஏம்மா திட்டறீங்க? நான்தான் நிறுத்தலையே” என்றார் சமையல்காரர்.

அழைப்பு முடிந்த கையோடு மேற்பார்வையாளரிடமிருந்து போன் வந்தது. குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“உங்க தமிழ் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா பாதியிலதான் வருது. நாலு மணிக்கு அதே பேஷன்ட், வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி மருந்து விவரம் எல்லாம் சொல்லணும். அதுவும் அறுந்துச்சுன்னா உங்க இடத்துக்கு வேற ஆள் போட்டுடுவேன். தப்பா நினைச்சுக்காதீங்க.”

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? பேசுவதுதான் அவள் பிழைப்பு. பிறந்ததிலிருந்து வாய் ஓயாததால் குடும்பத்தில் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். அந்த வாய்க்குச் சம்பளம் கொடுக்கும் ஒரே வேலை, மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவில் வீடியோவில் மொழிபெயர்ப்பது. அதற்கும் இப்போது ஆபத்து.

பார்க்காத வைத்தியம் இல்லை. ரவுட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து அலமாரி உச்சியில் வைத்தாயிற்று. மைக்ரோவேவை ஹாலிலிருந்து சமையலறைக்கே நாடு கடத்தியாயிற்று. சுவரோரமிருந்த இந்தச் சின்ன அறைக்கு அவள் வேலையை மாற்றியதிலிருந்துதான் வந்தது வினை.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த நோய்க்கும் அவரிடம் ஒரே மருந்து. “லிஃப்டோ ரவுட்டரோ, அணைச்சு அஞ்சு நிமிஷம் விட்டுப் போட்டா பாதி வியாதி ஓடிடும்.”

சரி, அதையும் பார்த்துவிடலாம். ஹாலுக்குப் போய் ரவுட்டரின் ஒயரைப் பிடுங்கினாள். விளக்குகள் அணைந்தன. அறைக்குத் திரும்பி லேப்டாப் முன் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவள் அப்படியே எழுந்தாள்.

திரையின் மூலையில் வைஃபை எரிந்துகொண்டிருந்தது. பெயர் ‘கூட்டுக்குடும்பம்’. அவர்கள் வீட்டு வைஃபையின் பெயரேதான். அதுவும் முழுசாக, எல்லாக் கோடுகளோடும்!

ஒயர் கையில் தொங்குகிறது. வைஃபை வேலை செய்கிறது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிட்டதே!

லேப்டாப்பைக் கையில் ஏந்தி, தீபம் காட்டுவது போல அறையைச் சுற்றிவந்தாள். ஜன்னல் பக்கம் ஒரு கோடு குறைந்தது. பலகைச் சுவர்ப் பக்கம் மறுபடி நிறைந்தது. அந்தச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த ஆணிக்கு நேராக வந்து நின்றாள்.

அந்த ஆணிக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஒரே வீடாக இருந்ததை அண்ணனும், தம்பியான அவள் கணவரும் நடுவில் பலகைச் சுவர் வைத்து இரண்டாக்கினார்கள். சண்டை எதுவும் இல்லை, இடவசதிக்குத்தான். சண்டை அப்புறம் வந்தது. அந்தப் பக்கம் அண்ணன் கடிகாரம் மாட்ட ஆணி அடித்தார். ஆணி இந்தப் பக்கம் வந்து, கல்யாணப் போட்டோவில் தம்பியின் நெற்றியைத் துளைத்துக்கொண்டு எட்டிப்பார்த்தது. தம்பி ஒரு வார்த்தை சொல்ல, அண்ணன் இரண்டு சொல்ல, அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு மழைக்காலம் ஓடிவிட்டது. புருஷன்மார் மானத்துக்காக மருமகள்கள் இருவரும் தெருவில் எதிரெதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இவள் அந்த ஆணியில் ஹெட்செட்டை மாட்டி வைத்திருந்தாள்.

கணவருக்குப் போன் போட்டாள். லிஃப்ட் கூண்டுக்குள்ளிருந்து எதிரொலியோடு குரல் வந்தது.

“ஏங்க, நம்ம ரவுட்டரை அணைச்சுட்டேன். ஆனா கூட்டுக்குடும்பம் இன்னும் வருது!”

கூண்டுக்குள் ஸ்பானர் ஒன்று கீழே விழுந்த சத்தம் கேட்டது.

“அது... அண்ணன் வீட்டுதா இருக்கும்.”

“அவங்களுக்கும் அதே பேரா? அதே பாஸ்வேர்டா? என் லேப்டாப் கேக்காமலே போய் ஒட்டிக்குதே!”

“பழைய ஞாபகத்துல வெச்சிருப்பாங்க போல. அதான் விஷயம்! உன் லேப்டாப் மதில்மேல் பூனை மாதிரி இங்கயும் அங்கயும் தாவுது. தாவற ஒவ்வொரு தடவையும் வீடியோ கால் அறுந்துடும்.”

“அப்ப நம்ம பேரை மாத்திடறேன். செட்டிங்ஸ் பாஸ்வேர்டு சொல்லுங்க.”

“அதை நான் மாத்தி வெச்சேன். மறந்தும் போச்சு. நீ ஒண்ணு பண்ணு ரேடியோ, உன் வேலை முடியற வரைக்கும் அவங்களை அணைச்சு வைக்கச் சொல்லு. மீன் தொட்டிக்குப் பின்னாடிதான் இருக்கு, சட்டுனு முடிஞ்சிடும். ஐயோ, மேல கூப்பிடறாங்க. வெச்சுடறேன்.”

மானமா, வேலையா? ஒயரைத் திரும்பச் சொருகிவிட்டு, லேப்டாப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பக்கத்து வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

அண்ணன் மனைவி, அவள் ஓர்ப்படி, கதவைத் திறந்தாள். வாயில் இரண்டு குண்டூசி. கழுத்தில் அளவு நாடா. வீட்டிலேயே தையல்.

“யாரு, ரேடியோவா? வழி தெரிஞ்சு வந்தியா, தெரியாம வந்தியா?”

“அக்கா, திட்டறதை நாலரைக்கு மேல வெச்சுக்கலாமா? இப்ப என் வேலை போகப்போகுது.”

ஓர்ப்படி குண்டூசிகளைத் துப்பினாள். “உள்ள வா.”

விஷயத்தைக் கேட்டு முடித்ததும் ஓர்ப்படி சிரித்துவிட்டாள். “அணைக்கணுமா? தாராளமா அணை. எனக்கு அது எப்பவும் அணைஞ்ச மாதிரிதான் இருக்கு. ஒரு ஜாக்கெட் வெட்டற வீடியோ போட்டா, கழுத்து வெட்டறதுக்குள்ள நின்னுடுது. எத்தனை கழுத்து கெட்டுப்போச்சு தெரியுமா?”

கடிகாரத்துக்குக் கீழே பெரிய மீன் தொட்டி. ஆரஞ்சு மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. தொட்டிக்கும் பலகைச் சுவருக்கும் நடுவே, ஒளிந்துகொண்டிருக்கும் திருடனைப் போல ரவுட்டர் உட்கார்ந்திருந்தது.

“அக்கா! தண்ணி வைஃபையைக் குடிச்சுடும். இந்தப் பக்கம் அத்தனை தண்ணி, அந்தப் பக்கம் வெறும் பலகை. உங்க வைஃபை மொத்தமும் எங்க வீட்டுக்குத்தான் வந்துட்டிருக்கு.”

“அடிப்பாவி! கட்டறது நாங்க, சாப்பிடறது நீயா?”

“சாப்பிட விட்டாத்தானே? வாய் வரைக்கும் வந்து புடுங்கிக்குது.”

ரவுட்டரைக் கவிழ்த்தார்கள். அடியில் செட்டிங்ஸ் பாஸ்வேர்டு ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது. நல்லவேளை, இதை யாரும் மாற்றவில்லை. லேப்டாப்பிலேயே அதன் செட்டிங்ஸுக்குள் போனாள். சேனல் என்ற இடத்தில், அவள் வீட்டு ரவுட்டருக்குக் கணவர் என்றோ வைத்த அதே எண். ஒரே அறையில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினால் யார் பேச்சு விளங்கும்? அதை வேறு எண்ணுக்குத் தள்ளினாள். ரவுட்டரைத் தொட்டியின் பின்னாலிருந்து மீட்டுத் துணி பீரோவின் மேல் உட்கார வைத்தாள். பெயர் மட்டும்தான் பாக்கி.

“இதை யாருக்கா வந்து மாட்டினது?”

“யாரோ ஆளைக் கூட்டிட்டு வந்தார்னு சொன்னார். நான் பார்க்கல. அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டேன்.”

“தொட்டி எப்ப வாங்கினீங்க?”

“போன மழைக்கு. சண்டைக்கெல்லாம் ரொம்ப நாள் அப்புறம். ஏன்?”

“யார் கழுவறது?”

“அவர்தான், வாராவாரம் ஞாயித்துக்கிழமை. நான் வர்றதுக்குள்ள பளபளன்னு ஆக்கிடுவார். ஒத்தை ஆளா இவ்வளவு பெரிய தொட்டியை எப்படித்தான் தூக்கறாரோ!”

விசைப்பலகையில் ரேடியோவின் விரல்கள் நின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்கும் ஆஸ்பத்திரி வேலை உண்டு. ஹெட்செட்டை மாட்டினால் இடி விழுந்தாலும் காதில் விழாது. அன்றைக்குக் கணவருக்கும் தவறாமல் சர்வீஸ் அழைப்பு வரும். முழங்கை வரை சட்டை நனைந்து திரும்புவார். கேட்டால், “லிஃப்ட் குழியில தண்ணி.”

அவள் ஓர்ப்படியின் காதில் ஏதோ சொன்னாள். ஓர்ப்படி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு இருவரும் தலையை முட்டிக்கொண்டு புதுப் பெயரைத் தட்டினார்கள்.

நாலு மணிக்கு மருத்துவர் திரையில் வந்தார். சமையல்காரருக்குக் கேள்விகள் ஏராளம். உப்பு எவ்வளவு போடலாம், ருசி பார்க்கலாமா, ருசி பார்க்காமல் எப்படிச் சமைப்பது? ஒரு வாக்கியமும் உடையவில்லை. வட்டம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “இன்னிக்கு முழுத் தமிழும் வந்துச்சும்மா” என்று சமையல்காரர் கும்பிட்டார். கொஞ்சம் பொறுத்து மேற்பார்வையாளரிடமிருந்து செய்தி வந்தது: அடுத்த மாதமும் நீங்களே.

அவள் கால்களை நீட்டிக்கொண்டு, ஆறிப்போன டீயை ரசித்துக் குடித்தாள்.

விளக்கு வைத்ததும் கணவர் வந்தார். பையைக் கீழே வைப்பதற்குள், “ஏங்க, போன்ல வைஃபை பேரெல்லாம் ஒரு தடவை பாருங்க. எல்லாம் சரியா வருதான்னு” என்றாள் தேனாக.

அவர் பார்த்தார். முதலில் கூட்டுக்குடும்பம். அதற்குக் கீழே புதிதாக ஒன்று: ‘ஞாயிறுஈரச்சட்டை’.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தாள்.

“மீன் தொட்டிக்குப் பின்னாடி இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அது... ஒரு யூகம்...”

“ரவுட்டரை மாட்டினது யாரு?”

“அண்ணன் புதுப் பாஸ்வேர்டு வெச்சா மறந்துடுவான். அதான் பழசையே... உன் வேலைக்கு இடிக்கும்னு சத்தியமா நினைக்கலை, ரேடியோ.”

“ஊமையாவா தொட்டி கழுவினீங்க?”

“கிசுகிசுன்னு பேசிப்போம்.”

“எங்ககிட்ட சொல்றதுக்கு என்ன?”

“நீங்க ரெண்டு பேரும் எங்களுக்காக அப்படி ஆவேசமா மூஞ்சியத் திருப்பிட்டு இருந்தீங்க. நடுவுல வந்து நாங்க ராசியாயிட்டோம்னு எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது?”

“ராசியானது எப்ப?”

அவர் ஆணியைப் பார்த்தார். ஆணியில் தொங்கிய ஹெட்செட்டைப் பார்த்தார். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர்ப்படியின் குரல் உச்சத்தில் இருந்தது. அது அடங்கியதும், இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு முதல் முறையாக, அண்ணனின் குரல் பலகையைத் தாண்டிக் கேட்டது.

“தம்பி! சொல்லிடுடா. இங்க நான் சொல்லிட்டேன்.”

அவர் தலையைச் சொறிந்தார்.

“ஆணி அடிச்ச மறுநாளே.”