வெள்ளைச் சாறு வேண்டாம்

"இந்த வெள்ளச் சாற எடுத்துருங்க சித்தி. எனக்கும் அந்தச் சிவப்புல வேணும்."

கேட்கவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்ததை ரோவெனா கேட்டுவிட்டாள். மணிலாவில் உதவித்தொகை கொடுத்த அலுவலகத்து அம்மாள் விரலை நீட்டிச் சொன்னது இதுதான்: "போற வீட்டுல அது வேணும் இது வேணும்னு வாயத் தொறக்காத. போட்டதச் சாப்புடு, நல்லாருக்குன்னு சொல்லு. யாரு தயவுல போறேன்னு நெனப்பு இருக்கட்டும்." மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவரின் மகளுக்கு, வீட்டிலேயே முதல் பட்டதாரிக்கு, அந்த நினைப்பு இல்லாமல் போகுமா? சொத்தைப் பல் மாதிரி எந்நேரமும் கூடவே இருந்தது.

ஆனால் சீனமொழி படிக்க வந்த இந்தச் சோங்சிங் நகரம் அவளைக் கிறுக்காக்கியிருந்தது. வந்து இறங்கியதிலிருந்து தலை ஒரு நிலையில் இல்லை. தெருவிலிருந்து ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் அது பதினோராம் மாடி என்கிறார்கள். லிஃப்டில் இறங்கினால் கீழே இன்னொரு தெரு, இன்னொரு பஸ். ரயில் ஒரு குடியிருப்பின் வயிற்றுக்குள் புகுந்து முதுகு வழியே வெளியே போகிறது. குடியிருப்பவர்கள் அவர்கள் பாட்டுக்குத் துணி காயப்போடுகிறார்கள். பெண்கள் பேசினாலே சண்டை மாதிரி இருக்கிறது; சண்டை போட்டால் தெருவே நின்று கேட்கிறது. சொந்த ஊரான பிகோலில் அவளை வாயாடி என்பார்கள். இங்கே அவள் சாது. இத்தனை நாள் எங்கேயடி இருந்தாய் என்று ஊரையே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

சாப்பாடு மட்டும்தான் எரிச்சல். அவள் தங்கியிருந்த வீட்டு லுவோ சித்தி, அவளுக்கென்று தனியாகக் கஞ்சி, வேகவைத்த முட்டை, வெள்ளரிக்காய் என்று நோயாளிக்கு வைப்பது போல் வைத்தாள். மேசையின் மறுகோடியில் மீன் மிளகாய்க்குள் முங்கிக் கிடக்கும். மிளகாயைக் காய்கறியாகவே தேங்காய்ப் பாலில் வேகவைத்துத் தின்னும் ஊர்க்காரிக்கு அந்த வாசனை தாங்குமா? மேசையிலேயே சாறு கொதிக்க அதில் முக்கித் தின்னும் கொதிசட்டிக் கடைக்கு வந்தும் அதே கதை. பெரிய சட்டி முழுக்கச் சிவப்பு எண்ணெய் குமுறுகிறது. நடுவில் அவளுக்காக ஒரு கிண்ணம் காரமில்லாத வெள்ளைச் சாறு.

சித்தி குச்சியைக் கீழே வைத்தாள். "என்னாடி சொல்ற? வெளிநாட்டுப் புள்ளைக்குக் காரம் குடுத்தா வயிறு வெந்துரும்னு காலேஜ்லேருந்து பெங் டீச்சர் சொல்லிருக்காங்களே."

"எங்க வயித்தப் பத்தி டீச்சருக்கு என்ன தெரியும்? அவங்களா எட்டிப் பாத்தாங்க?"

சித்தி வாயைப் பிளந்தாள். அடுத்த நொடி பக்கத்து மேசை திரும்பும்படி சிரித்தாள். "கேட்டீங்களாய்யா! நம்மூரு வாயி இது!"

வெக்கைக்குச் சட்டையை மார்வரை சுருட்டித் தொந்தியைக் காற்றாட விட்டிருந்த சித்தப்பா, "அந்தக் கிண்ணத்தத் தூக்கச் சொல்லு மொதல்ல. பாக்குறவன் நம்மள வெளியூருன்னு நெனைக்கிறான், மானம் போவுது," என்றார்.

கடைக்காரி சட்டியையே மாற்றிவிட்டுப் போனாள். சித்தி மாட்டு இரைப்பைப் போட்டித் துண்டைக் குச்சியில் பிடித்துச் சட்டியில் முக்கிக் காட்டினாள்.

"விட்டுறாத. ஏழு தடவ மேல, எட்டு தடவ கீழ. அதுக்கு மேல போச்சுன்னா செருப்புத் தோலு."

மிளகாய் பழைய சிநேகிதிதான். கூடவே வந்த மலைமிளகு யாரென்றே தெரியவில்லை. நாக்கில் மின்சாரம் ஓடியது, வாய் மரத்துப்போனது.

"சித்தி, ஒதடு இருக்கா பாருங்க!"

"இருந்த எடத்துலயேதான் இருக்கு, தின்னுடி."

கண்ணீர், விக்கல், மூக்கொழுகல், சிரிப்பு எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன. "எந்த நாட்டுப் புள்ள இது?" என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார்.

"எங்கூட்டுப் புள்ள," என்றாள் சித்தி, சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே. ரோவெனாவுக்கு அதற்கப்புறம் வந்த கண்ணீர் காரத்தால் வந்ததில்லை.

மறுநாள் வயிறு வேலையைக் காட்டியது. எண்ணெயா, வெறிபிடித்தவள் போல் குடித்த ஐஸ் சோயாப் பாலா, யாருக்குத் தெரியும்? வகுப்புக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாள் பெங் டீச்சர் அறைக்குக் கூப்பிட்டார். குரலில் தேன்.

"காரம் தின்னு வயிறு கெட்டுப்போச்சுன்னு கேள்விப்பட்டேன். ஓம்மேல தப்பு இல்லம்மா. அந்த வீட்டம்மாதான் வற்புறுத்திக் குடுத்தாங்கன்னு ஒரு வார்த்த சொல்லு, போதும். இனிமே அந்த வீட்டுக்கு யாரையும் அனுப்ப மாட்டோம். ஒன்ன விடுதிக்கு மாத்திர்றேன். ஏசி இருக்கு, ரொட்டி இருக்கு, எல்லாம் ஒன்ன மாதிரி வெளிநாட்டுப் புள்ளைங்க."

"நாந்தான் கேட்டேன் டீச்சர்."

"அப்படிச் சொன்னா மணிலாவுக்குத் தெரியப்படுத்தணும். எதையும் கேக்க மாட்டேன்னு ஒத்துக்கிட்டுத்தான வந்த?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. பள்ளியில் இலவசச் சோறு போட்டபோதும் இதே பேச்சு, கல்லூரியில் இடம் கொடுத்தபோதும் இதே பேச்சு. இருப்பவர்கள் கேட்டால் விருப்பம்; இல்லாதவள் கேட்டால் திமிர். இப்போது, அவளை வீட்டுப் பிள்ளை என்று சொன்ன ஒருத்தியைக் காட்டிக்கொடுத்தால் அந்தத் திமிருக்கும் மன்னிப்பு.

"தெரியப்படுத்துங்க. கேட்டு வாங்கித் தின்னான்னே சொல்லுங்க."

"ஒதவித்தொகைய நிறுத்திட்டா?"

"நிறுத்துனா ஊருக்குப் போறேன். போற வரைக்கும் லுவோ சித்தி வீட்டுலதான் இருப்பேன்."

"ஒக்காரு. நான் இன்னும் பேசி முடிக்கல."

"நான் முடிச்சுட்டேன் டீச்சர்."

வயிறு இன்னும் முறுக்கிக்கொண்டுதான் இருந்தது. அதற்கு நடுவே, இழவு, சிரிப்பு வேறு முட்டிக்கொண்டு வந்தது. அதை அடக்கக்கூட மெனக்கெடாமல், கதவை விரியத் திறந்து போட்டுவிட்டு வெளியே நடந்தாள்.